விதைப் போத்தலும் பணிப்பாளரும்

"...ஒண்டுக்கு ரெண்டு காவல் நிண்டால் வீட்டுக்கு நல்லதுதானே, பிள்ளை," என்று பணிப்பாளர் லாப் மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பம்பை நிறுத்திவிட்டு ஆய்வுகூடத்துக்குள் போனேன். சிலாவத்துறைக் கரையில் இருந்த அந்த இறால்குஞ்சுப் பண்ணையில் எனக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை. படித்தவர்கள் பேசக் கேட்டே பாதி விஷயம் கற்றவன் நான். பணிப்பாளர் பேசியதிலிருந்து மட்டும் எதையும் கற்க முடிந்ததில்லை; அது அவருடைய தனித் திறமை. தொட்டி கழுவுகிற அண்ணன் சொல்லுவார்: "சேர் மடுக் கோயிலுக்குப் போனாலும் மாதாவுக்குப் புத்தி சொல்லிப்போட்டுத்தான் வருவார்."

குஞ்சுத் தொட்டிகளில் கெட்ட கிருமி பெருகாமல் இருக்க ஒரு நல்ல பற்றீரியாவை விதைப் போத்தல்களில் வைத்திருந்து, அதிலிருந்து வளர்த்து ஊற்றுவோம். அந்த நல்லதை ஒரு வைரசு பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. பற்றீரியாவுக்கும் வைரசு வரும் என்பது பணிப்பாளருக்கு ஒரு கிழமையில்தான் தெரியவந்தது. மறு கிழமை அவர் அதில் வித்துவான். வைரசை எதிர்க்கிற மரபணுத் துண்டு ஒன்றைக் கொழும்பிலிருந்து சின்னக் குப்பியில் கொண்டுவந்து, எங்கள் பற்றீரியாவுக்குள் ஏற்றச் சொன்னார். துண்டை ஏற்காதவற்றைக் கொல்ல ஒரு மருந்தும் கூடவே வந்தது.

லாப் மிஸ்ஸுக்கு அது முதல் வேலை. குஞ்சுகள் போனால் வேலையும் போகும் என்று தெரிந்தே பேசினார். "எங்கட பற்றீரியாவில ஏற்கெனவே ஒரு காவல் இருக்கு, சேர். குறி போட்ட மரபணுவைக் கண்டால் வெட்டுறவன் அவன். புதுசா வாறவன், வீட்டில இருக்கிற மரபணுவுக்கெல்லாம் குறி போடுறவன். ரெண்டு பேரையும் ஒண்டா விட்டால் வீடு மிஞ்சாது. ஒரு விதைப் போத்தலை மட்டுமாவது தொடாமல் வைப்பம்."

மிஸ் சொன்னபடியே நடந்தது. துண்டை ஏற்ற பற்றீரியா தன் பழைய காவலாலேயே வெட்டுப்பட்டுச் செத்தது. ஏற்காதது மருந்தில் செத்தது. ஊற்றுவதற்கு நல்லது இல்லாமல் போகவே கெட்ட கிருமி தொட்டிகளைப் பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாய் அடியில் படிந்து கிடந்தன. வாங்க வந்த முசலிப் பக்கத்து இறால் குளக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மிஸ் கை கழுவாமல் வேலை செய்ததால்தான் கிருமி வந்தது என்று சொல்லி அவரை வேலையால் நிற்பாட்டினார் பணிப்பாளர். மிஸ் இப்போது இலுப்பைக்கடவையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பணிப்பாளர் கொழும்பில் மேடையேறி நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசுகிறாராம். கட்டிப்போடாமலே சனம் கதிரையில் இருந்து கேட்கிறதாம்.

அவர்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படவும் ஆள் ஓரளவுக்காவது இருக்க வேண்டும். அன்று மிஸ் கேட்டு முடித்ததும் பணிப்பாளர் சிரித்தார். மிஸ்ஸின் கையிலிருந்த கடைசி விதைப் போத்தலை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்துத் துண்டு ஏற்றுகிற சாடிக்குள் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். பிறகு வெறும் போத்தலை மிஸ்ஸிடமே நீட்டினார்.

"கழுவி வையுங்கோ, பிள்ளை."