சாராயப் போத்தலில் கோயில் விளக்கு

யட்டியாந்தோட்டை தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் பஸ் நிற்கிறது. டயர் காற்றுப் போய்விட்டது. மாற்றும் வரைக்கும் நான் இறங்கி ஒரு மரத்தடியில் உட்காருகிறேன்.

பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி வெறும் சாராயப் போத்தல்களைக் குவித்து வைத்திருக்கிறாள். பெயர் முத்துலட்சுமியாம். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைப் போத்தலின் அடியில் சுற்றிக் கொளுத்தி, சூடு ஏறியதும் தண்ணீரில் முக்குகிறாள். அடிப்பாகம் டிக்கென்று தனியே கழன்றுவிடுகிறது. தேங்காய்ச் சிரட்டையில் விளக்கேற்றி மிச்சப் போத்தலை அதன்மேல் நிறுத்தினால் காற்றுக்கு அணையாதாம். நாளைக்குத் திருவிழா. கோயில் பாதைக்கு இன்னும் பாதி விளக்கு வேண்டும்.

"ஒத்தக் கையால முடியலங்கம்மா. போத்தல் கழுத்தக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

நான் கையை இழுத்துக்கொள்கிறேன். இந்த வயது வரைக்கும் சாராயப் போத்தலைத் தொட்டவள் இல்லை நான்.

"இதையா சாமிக்கு வைக்கப் போறீங்க?"

"கோயில் தலைவரும் அதத்தாங்க கேட்டாரு, தூக்கி வீசுன்னாரு. எல்லாம் போன திருவிழாவுல கோயிலுக்குப் பின்னால பொறுக்குனதுங்க, யாரு யாரு குடிச்சதுன்னு சொல்லவான்னேன்."

"அதுக்கு அவரு?"

"எண்ணெய் எவ்வளவு வேணும்னாரு."

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாகிறது. பையை இறக்கி வைத்துவிட்டுப் போத்தல் கழுத்தைப் பிடிக்கிறேன். அவள் நூலைக் கொளுத்துகிறாள். பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அடிக்கட்டும், இந்த நூல் எரிந்து முடியட்டும்.