வியாழனுக்கு மறுநாள்

அத்-பாஷி மலையூரில் ஆடு மேய்த்து ஓய்ந்த ஜுமாபையின் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க தோல்வி ஒன்றே ஒன்றுதான்: பெண்டாட்டி வாயால் தன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவைக்க முடியவில்லை.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கனிஷாய் அதிலும் ஒரு படி மேல். அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த பாவத்துக்காக வெள்ளிக்கிழமையையும் விலக்கிவைத்தாள். ஊருக்கெல்லாம் அது ஜுமா. அவளுக்கு மட்டும் ‘வியாழனுக்கு மறுநாள்’. முல்லாவிடமே அப்படித்தான் சொல்லுவாள்.

இத்தனைக்கும் கன்னிப்பெண்ணாக இருந்தபோது ஆற்றுக்கு இக்கரையில் நின்று, “ஜுமாபை அண்ணே, உங்க கெடா எங்க பார்லியில நிக்குது!” என்று தொண்டை கிழியக் கத்தியவள்தான். அந்தக் குரலுக்காகவே மனுஷர் பெண் கேட்டார். கல்யாணத்தோடு குரல் நின்றது. வியாபாரத்தில் நடந்த அப்பட்டமான மோசடி என்று எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வரும்போதெல்லாம் முறையிடுவார்.

“ஒரே ஒரு தடவ சொல்லேன். பட்டுத்துணி வாங்கித் தாறேன்.”

“துணிய வாங்குங்க. பேரு எதுக்கு? நீங்க என்ன தொலைஞ்சா போயிட்டீங்க, கூப்பிட?”

தொலைந்தது அவள்தான். தண்ணீர் ஊற்றாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். செத்துப்போன அக்காவைத் தேடிக் கிளம்பினாள். நாரின் நகர ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஜுமாபையின் தங்கை சோனுனும் கூட வந்தாள்.

“இன்னிக்கு என்ன கிழமைம்மா?” என்றாள் டாக்டர் அய்ஜமால்.

“வியாழனுக்கு மறுநாள்.”

“இவரு பேரு?”

கனிஷாய் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

“அது வாயில வருமா டாக்டரு? அண்ணி செத்தாலும் சொல்லாது,” என்றாள் சோனுன்.

“எங்கம்மாவும் இப்படித்தான். ரெண்டுமே சரியான பதில்,” என்று டாக்டரும் சிரித்தாள். பரீட்சையில் தானே தேறியதுபோல ஜுமாபை நெஞ்சை நிமிர்த்தினார்.

பிறகு டாக்டர் சிரிக்கவில்லை. “மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு செல்லுங்க இருக்கு. காவலும் துப்புரவும் அதுங்கதான். கிருமிய வெரட்டும், செத்ததத் தின்னு சுத்தம் பண்ணும். இவங்க மூளையில கசடு சேந்து, அதோட மல்லுக்கட்டியே அதுங்களுக்கு வெறி புடிச்சிருச்சு. நல்லா இருக்கற இணைப்பையும் சேத்துக் கடிக்குது.”

“ஆடு கடிச்சுப் பழகின காவல் நாய்,” என்றார் ஜுமாபை. “எங்க பக்கம் சுட்டுருவோம். சுடுங்க.”

“நாயச் சுட்டுட்டா ஓநாய யாருங்கய்யா பாப்பா?”

“எந்த ஆட்ட முதல்ல புடிக்கும்?” என்று கேட்டார் ஜுமாபை.

“பெரும்பாலும் புதுசு முதல்ல போகும். பழசு கொஞ்ச நாள் நிக்கும்.”

“அப்ப பயமில்ல. எங்க கல்யாணம் ரொம்பப் பழசு.”

தன் கல்யாணத்தைவிடப் பழையது ஒன்று இருந்ததை அந்த மேதை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பனி உருகியதும் மறுபடி போனோம்.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“ஜுமா,” என்றாள் கனிஷாய், தயங்காமல்.

“இவரு யாரும்மா?”

“அக்கரை ஜுமாபை அண்ணன்.”

சோனுன் கைதட்டிக் குதித்தாள். “சொல்லிருச்சு! அண்ணே, உங்க பேரச் சொல்லிருச்சு! மருந்து வேலை செய்யுது!”

டாக்டர் மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கழுத, சும்மா இரு,” என்றார் ஜுமாபை. “புருஷன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாளா?”

வாழ்நாள் ஆசை நிறைவேறிய மனிதர் வீடு வரைக்கும் கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வாசலில் இறங்கியதும் கனிஷாய் அவரை மறித்தாள். அதே பழைய குரல்.

“ஜுமாபை அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு. உங்க வீட்ல தேடுவாங்க, கெளம்புங்க.”

“இதோ, கெளம்பிட்டேம்மா.”

கிளம்பியவர் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே போய் அவளுக்கு டீ போட்டார்.

இப்போதெல்லாம் ஜுமாபையிடம் கிழமை கேட்டால், வெள்ளிக்கிழமையை மட்டும் ‘வியாழனுக்கு மறுநாள்’ என்கிறார். வழக்கம் என்று ஒன்று இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் காப்பாற்ற வேண்டாமா?