பேராச்சி போட்ட வெந்நீர்

இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில், தென்னந்தோப்பை ஒட்டி அரசாங்கப் பிரசவ விடுதி ஒன்று இருந்தது. ஆறு கட்டில், ஒரு நர்ஸ், ஒரு ஆயா. அந்த ஆயாதான் பேராச்சி. வெந்நீர் போடுவது, துணி அலசுவது, தரை கழுவுவது, வலியில் அலறுகிறவளின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள் பாடு. புருஷன் போய்ச் சேர்ந்த கையோடு வேலைக்கு வந்தவள். வருஷங்கள் ஓடியும் வேலை என்னவோ தற்காலிகம்தான். ஒவ்வொரு ஆனியிலும் மேலே இருந்து உத்தரவு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் விழும், ஊரே குளித்துக் கும்மாளம் போடும். பேராச்சிக்கு மட்டும் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அந்தப் பயம் இரட்டிப்பாயிற்று. தென்காசியிலிருந்து சம்பளம் கொண்டுவரும் கிளார்க் வல்லிநாயகம் சைக்கிளை விட்டு இறங்கும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது.

"சீனாக்காரன் சண்டைக்குப் பொறவு எங்க பாத்தாலும் சிக்கனம், பேராச்சி. நாடு பூராவும் சேந்து சம்பாதிக்கது நூறு ரூவான்னு வையி. அதுல ஆபீசு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பட்டாளம்னு சர்க்கார் நடத்துத செலவு ஏழோ எட்டோதான். இப்பம் அதுல பட்டாளத்துப் பங்கு கூடிப்போச்சு. மத்ததுல எங்கன வெட்டலாம்னு பாக்குதாவ. ஒன்ன மாதிரி தற்காலிக ஆளுகதான் மொதல்ல."

"நான் வேலை செய்யலையா ஐயா?"

"யாரு இல்லன்னா? ஆனா நீ போடுத வெந்நிய எவனும் வெல குடுத்து வாங்கலையே. ஒனக்குக் குடுக்குத சம்பளம்தான் நாட்டுக் கணக்குல ஒன் வேலைக்கு மதிப்பு. சம்பளம் நின்னா, இங்கன யாரும் வெந்நியே போடலைன்னு அர்த்தம்."

இதென்னடா கூத்து என்று நினைத்தாள் பேராச்சி. அடுத்த வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வருவார், அவர் வைத்ததுதான் முடிவு என்று வேறு சொல்லிவிட்டுப் போனார் வல்லிநாயகம். அந்த வாரம் முழுக்க அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி வருகிற அன்று காலையில் நர்ஸ் ஞானபாக்கியம் அவசரப் பிரசவம் ஒன்றுக்கு வடகரைக்குப் போயிருந்தார். எதிர்த்த டீக்கடை பிச்சையா ரோட்டில் நின்றே கத்தினான்.

"ஏ பேராச்சியக்கா! ஒங்க ஆபீசரு அருவியில குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிருக்காவளாம். அப்படியே நேர இங்கதான் வாராவளாம்!"

பேராச்சி கூடத்துக்கு ஓடினாள். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிய நெற்றியோடு வருகிற மனுஷர், பிள்ளை பெற்ற தீட்டுக்குள் காலை வைப்பாரா? வாசலோடு திரும்பிப் போய்விட்டால் அவள் பிழைப்பு என்னாவது? உள்ளே இரண்டு பெண்கள் பச்சைப்பிள்ளைகளோடு படுத்திருந்தார்கள். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்தான். "தாயீ, ஒரு நாளு முன்னால போனா என்ன, நல்லா இருப்பிய" என்று கெஞ்சிக் கூத்தாடி வண்டி பிடித்து அனுப்பிவைத்தாள். கூடம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாம்பிராணி போட்டாள். பிரசவ விடுதியைப் பார்க்க வருகிறவர் பிரசவத் தீட்டுக்கு அஞ்சுவாரா என்று நீங்களும் நானும் இன்றைக்குக் கேட்டுவிடலாம். பிழைப்பே போய்விடுமோ என்று தவிக்கிறவளுக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்?

அதிகாரி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நேரே உள்ளே போனார். ஆறு கட்டிலும் காலி.

"எப்பவும் இப்படித்தானா?"

நானேதான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், பிள்ளை பெற்றவளை வெளியே அனுப்ப ஆயாவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, நர்ஸ் இல்லாத நேரத்தில் விடுதி இப்படித்தான் நடக்குமா என்று கேள்வி வரும். உருளுவது ஞானபாக்கியத்தின் தலைதான். ஐயோ, அந்த மகராசி என்ன பாவம் செய்தாள்?

"சில நாளு... இப்படித்தான் இருக்கும் ஐயா" என்றாள்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ஆடி பிறந்ததும் உத்தரவு வந்தது. கட்டில்கள் காலியாகக் கிடக்கிற விடுதிக்கு ஆயா தேவையில்லை. அந்த இரண்டு பெண்களும் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள் என்று நம்பியிருந்த ஞானபாக்கியம் அன்றைக்குத்தான் முழுக் கதையையும் கேட்டார். "அடிப் பாவி, என்கிட்டயாவது அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுபடியும் ஆள் கேட்டு மேலே எழுதிப் போட்டார்.

ஆனால் பிள்ளைகள் சர்க்கார் உத்தரவைப் பார்த்தா பிறக்கின்றன? வண்டி வந்து நின்றால், ஒற்றை ஆளாக ஞானபாக்கியம் தவிப்பதைப் பேராச்சியால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வயல் வேலைக்குப் போன நேரம் போக, பின்பக்கமாக வந்து அடுப்பை மூட்டிவிடுவாள். காலணா கிடையாது.

ஆவணியில் ஒரு நாள் உள்ளே ஒருத்திக்கு வலி கண்டிருந்தது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் வல்லிநாயகம்! பேராச்சி விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டாள். சும்மாவே வேலை நடக்கிறது என்று தெரிந்தால் அப்புறம் எவன் சம்பளத்துக்கு ஆள் போடுவான்? நர்ஸம்மா எழுதிய மனு குப்பைக்குத்தான் போகும். புகை தொண்டையில் ஏறி இருமல் முட்டியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அடுப்பு எரியுதே, யாரு வெந்நி போடுதா?" என்று கேட்டார் வல்லிநாயகம்.

"நாந்தான்" என்றார் ஞானபாக்கியம்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வீறிட்டாள். "பேராச்சியக்கா! எங்கன போனிய? என்னைய விட்டுட்டுப் போயிராதிய!"

வல்லிநாயகம் விறகுப் பக்கம் திரும்பினார். பேராச்சி எழுந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தவலையை இறக்கி, வெந்நீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.