சாலை மட்டத்திலிருந்து

கலைவாணிக்கு வயது ஐம்பத்து மூன்று. காட்டுப்பாக்கத்தில் பதினோரு வருடமாகக் கொசு ஒழிப்புப் பணி. வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, புழு நெளிகிறதா என்று பார்ப்பாள். மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேரும்: தெருவில் நின்ற தண்ணீரை அளந்து ஒரு படிவத்தில் எழுதுவது.

அந்தப் படிவத்தின் மேல் அவளுக்குத் தீராத ஆர்வம். ஊராட்சியிலிருந்து மாவட்டம், அங்கிருந்து சென்னை, பிறகு டெல்லி என்று போகிறது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே படிவம். மாறிவரும் பருவநிலைக்கு எந்த ஊரை முதலில் தயார்செய்வது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்களாம். தான் எழுதும் எண் யார் மேசையில் போய் உட்காருமோ என்று யோசிப்பாள்.

2025 பிப்ரவரியில், மழைநீர் வடிகால் கட்டப்போகும் தெருக்களின் பட்டியல் வந்தது. குளக்கரை மூன்றாம் தெருவை நீக்கியிருந்தார்கள். காரணம்: பாதிப்பு குறைந்துவிட்டது. அடுத்த பட்டியல் ஐந்து வருடம் கழித்து.

அந்தத் தெருவில் தனியாக இருக்கும் கண்ணம்மா அவளை மடக்கினாள். "இன்னா கலை, தண்ணி கொறஞ்சி போச்சின்னு எழுதிக் குட்துட்டியாமே? என் கட்டில வந்து கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும்."

"நான் பொய் எழுதலக்கா. டேப் வச்சி அளந்தேன்."

"அளந்தே, அளந்தே. ரோட்டு மேல ராணியாட்டம் நின்னுகினு அளந்தே."

சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய்ப் படிவ நகல்களைப் பரப்பினாள். 2021இல் 58 செ.மீ., 2023இல் 43, 2024இல் 29. ஆனால் மறுநாள் கண்ணம்மாவின் வீட்டில் போய்ப் பார்த்தால், மூன்று முறையும் அவள் கட்டில் சட்டம்வரை, அதாவது தரையிலிருந்து 45 செ.மீ., தண்ணீர் ஏறியது. படிவம் கேட்டதோ சாலை மட்டத்திலிருந்து. நடுவில் இரண்டு தடவை, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டிருந்தார்கள். ஒரு படி ஏறிப்போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினாள். மாவட்டக் கணக்குகளைத் தொகுக்கும் பொறியாளர் ஜெகதீஷ் நெற்றியைத் தேய்த்தார்.

"டெல்லிக்கு அனுப்பியாச்சேம்மா. மாத்தினா மூணு வருஷத்தையும் மாத்தணும்."

"மாத்துங்க சார். எழுதனவளே தப்புன்னு சொல்றேன்."

"ரோடு பதினஞ்சு, அப்புறம் பதினாலு செ.மீ. ஏறிச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கொழா போட வெட்னாங்க சார். கேக்காட்டம் அடுக்கடுக்கா தெரிஞ்சுது. அளந்துட்டேன்."

அடுத்த செவ்வாயன்று அவரே கண்ணம்மாவின் வீட்டுக்கு வந்தார். "குனிஞ்சி வா நைனா, தலைய இடிச்சிக்கப் போற" என்றாள் கண்ணம்மா. கட்டில் காலில் இருந்த சேற்றுக் கறையை அளந்தார். 45. திருத்தக் கடிதத்தை அங்கேயே எழுதத் தொடங்கினார்.

"சார், அசாமுல, ஒடிசாவுல எல்லாம் ரோட்ட ஒசத்தலையா? அவங்க எங்கேந்து அளக்கறாங்க?"

ஜெகதீஷ் நிமிர்ந்தார். "தெரியலம்மா." அந்தக் கேள்வியையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஜூலையில் திருத்திய பட்டியல் வந்தது. மூன்றாம் தெரு பதினேழாவது இடத்தில். கூடவே புதுப் படிவமும் வந்தது. சாலை மட்டத்துக்குப் பக்கத்தில் 'வீட்டுத் தரை மட்டம்' என்று ஒரு கட்டம். கலைவாணி கண்ணம்மாவின் வாசலில் டேப்பை வைத்து அளந்து, அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் 16 என்று எழுதினாள்.

"இன்னாது அந்தக் கோடு?"

"ரோட்டுக்குக் கீழ கீறேன்னு அர்த்தம்க்கா."

"டெல்லிக்காரனுக்கு அது தெரியணுமா?"

"தெரிஞ்சாத்தான் இங்க தோண்டுவான்."