லைசென்ஸ் வாங்க வந்த ஆரோக்கியசாலிகள்

டாக்டரிடம் பொதுவாக வருகிறவர்கள் இல்லாத வலியையும் கூட்டிச் சொல்வார்கள். லைசென்ஸுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்கள் மட்டும் இருக்கிற நோயை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்கள்.

என் கிளினிக் பசுமலையில் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், வேன், லாரி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டுமென்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். நீங்களும் ஒருநாள் அந்தப் பாரத்தோடு யாராவது ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். வலிப்பு உண்டா, மயக்கம் உண்டா என்ற கேள்வியைப் படிக்காமலே 'இல்லை' என்று சொல்லியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை எனக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டே சில பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவரைப் பற்றி மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

மேலிருந்து கீழே

ஆனையூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர் அடிக்கடி ஆள் கூட்டிக்கொண்டு வருவார். பாரத்தை அவரே நிரப்பியிருப்பார். எல்லாக் கேள்விக்கும் மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் 'இல்லை'. ஒருநாள் ஒரு பேங்க் மானேஜரை உட்கார வைத்துக்கொண்டு, அந்தப் பாரத்தை நிதானமாகப் படித்தேன். வலிப்பு உண்டா? இல்லை. சரி. மாலைக்கண் உண்டா? இல்லை. அதுவும் சரி. முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியுமா? இல்லை.

பாவம், அந்த மானேஜருக்கு ஒரு குறையும் கிடையாது. பாரத்தின்படி பார்த்தால் அவரைக் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடக்க வைக்க வேண்டும். "என்னண்ணே, இவருக்கு சிக்னல்கூடத் தெரியாதா?" என்று கேட்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"'இல்ல'ன்னு போட்டா எதுக்கும் வம்பு வராதுன்னு நெனச்சேன் டாக்டரம்மா. இம்புட்டு வருசத்துல இதப் படிச்ச ஆளு நீங்க ஒருத்தருதான்!"

மனப்பாடம்

திருப்பரங்குன்றத்தில் இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். ஸ்கூட்டர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமாம். கண்ணைப் பரிசோதிக்கச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்து வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். எனக்கே பொறாமையாக இருந்தது. என் நர்ஸ் செல்விதான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். அன்று காலைதான் அவள் புதுக் காலண்டரை மாட்டியிருந்தாள். அட்டையின் கடைசி வரி அதற்குப் பின்னால் இருந்தது. வாத்தியார் காலண்டரைத் தாண்டிப் படித்திருக்கிறார்!

முதல் நாளே ஒரு தடவை வந்து, வெளியே காத்திருந்த நேரத்தில், செல்வி இல்லாத சமயமாகப் பார்த்து உள்ளே வந்து, கிட்டே நின்று படித்து வைத்துக்கொண்டாராம். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் கொஞ்சம்கூட அசடு வழியவில்லை.

"எத்தன பிள்ளைகள மனப்பாடம் பண்ண வச்சவன்மா நான், நானே பண்ணாம வருவேனா?"

உண்மை விளம்பி

செக்கானூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர், வெள்ளை வேட்டியில் பளிச்சென்று வந்து உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே, சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, மாத்திரை இன்னின்னது என்று சட்டைப் பையில் இருந்து அட்டை அட்டையாக எடுத்து மேஜையில் பரப்பினார். எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. சுகர் கட்டுக்குள் இருந்தது, கண் தெளிவாக இருந்தது, பாதத்தில் உணர்ச்சி இருந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். நோயைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இவரைக் காட்ட வேண்டும். சாப்பிடாமல் வண்டி எடுக்காதீர்கள், டாஷ்போர்டில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சுகர் இருக்குன்னு கவருமெண்டுக்கு வேணா சொல்லுங்க, என் மருமகனுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா காரு சாவிய அவரு வாங்கி வச்சுக்கிருவாரு."

கைக்கு எட்டிய இரும்பு

இனி அந்த வேன் டிரைவர். பெயர் பாண்டி என்று வைத்துக்கொள்வோம். அவர் வருவதற்கு முதல் நாள் அவர் மனைவி தனியாக வந்தாள். நாளைக்கு வீட்டுக்காரர் சர்டிபிகேட்டுக்கு வருவார், தான் வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு அழுதாள். அவருக்குக் கொஞ்ச காலமாக வலிப்பு வருகிறது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், பார்வை நிலைகுத்தும், அப்படியே சரிந்து கைகால் இழுக்கும். தெளிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டி எடுக்கப் போய்விடுவார். வேன் நிறையப் பிள்ளைகள். அதில் ஒன்று இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்களுடைய மகள்.

வலிப்பு வந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். இரும்பைக் கையில் திணித்திருக்கிறாள். இரும்பால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எந்த இரும்பை வைத்தாய் என்று சும்மாதான் கேட்டேன்.

"அவசரத்துக்குக் கைக்கு எட்டுறது எது டாக்டரம்மா, வேன் சாவிதான்."

முறுக்கு

மறுநாள், சனிக்கிழமை, பாண்டி வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம், துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டை. வலிப்பு உண்டா என்றேன். இல்லை என்றார். மயக்கம்? இல்லை. அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது. நாக்கை நீட்டுங்கள் என்றேன். ஓரத்தில் பல் பதிந்த புண், இன்னும் ஆறவில்லை. முறுக்கு கடித்தபோது பட்டுவிட்டது என்றார். இந்தப் புண் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும் பாண்டி, என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டருக்குக் கடிதம் தருகிறேன், மருந்தில் கட்டுப்படும், ஆனால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றேன். வேறு தொழில் தெரியாது, மகளுக்கு ஃபீஸ் கிடையாது என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறேன் என்று கெஞ்சினார். பிறகு கோபப்பட்டார். எனக்கும் கோபம் வந்தது. உங்கள் மகளும் அதில்தானே போகிறாள் என்று கத்தியே விட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பாரத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"வலிப்பு வீட்டுல வச்சுத்தான் வருது டாக்டரம்மா, வேன்ல வந்ததே இல்ல."

வேறு இரும்பு

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் விடலாம். அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது? இந்த ஆளுக்கு வலிப்பு இருக்கிறது என்று டாக்டர் தானாக எழுதிப் போட எனக்குத் தெரிந்து எங்கும் ஒரு பெட்டி இல்லை. நோயாளி சொன்னதை ஊருக்குச் சொல்லக் கூடாது என்றுதான் எங்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள். அந்தப் படிப்பையும் அந்தப் பிள்ளைகளையும் தராசில் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வேன் கிளம்புவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுவது, பிறகு வருவது வரட்டும் என்று முடிவு செய்தேன். ஞாயிறு முழுக்கத் தெருவில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பி வாசலுக்கு வந்தால், படியில் பாண்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யூனிபார்மில் மகள். ஒரு பாரத்தை நீட்டினார். வேறு யாரோ ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டு சீல் குத்திய சர்டிபிகேட். எனக்குப் பகீர் என்றது. அவர் தலை நிமிரவில்லை. "நீங்க போட மாட்டேன்னதும் நேரா அங்க போனேன். பேரு என்னன்னு கேட்டாரு, போட்டுட்டாரு. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. சந்தோசமாத்தான் வெளிய வந்தேன். டீக்கடையில நிக்கிறப்பதான் நெஞ்சு அடச்சிருச்சு. இம்புட்டு லேசா கெடைக்கிற கையெழுத்த நம்பித்தான என் புள்ளய வேன்ல ஏத்துறேன்னு."

நேற்றே பள்ளிக்கூட முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாராம். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார். சம்பளம் குறைவு, மகளுக்கு ஃபீஸ் கிடையாது என்ற சலுகை மட்டும் அப்படியே. என்னிடம் வந்து போனதை மனைவியும் அவரிடம் சொல்லிவிட்டாளாம். அந்த சர்டிபிகேட்டை அவர் என் கண் முன்னால் கிழித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், காலியான கையை விரித்துக் காட்டினார்.

"சாவிய முதலாளிகிட்ட குடுத்துட்டேன் டாக்டரம்மா, இனி என் வீட்டுக்காரி வேற இரும்புதான் தேடணும்."

இத்தனை வருடமாகக் கையெழுத்துப் போட்டே பிழைக்கிற எனக்கு, போடாமல் விட்ட அந்த ஒரு கையெழுத்தைத்தான் என் உருப்படியான வைத்தியம் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.