ஆன்டெனாவுக்காக வெட்டிய வேப்பமரம்

மேலே போகிற விமானங்கள் எவை என்று கம்ப்யூட்டரில் காட்டும் சிறிய கருவி ஒன்றை ஆசைக்கு வாங்கினேன். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதற்கு ஆன்டெனா பொருத்தினேன். பக்கத்து வீட்டு ஜமீலாக்கா அடிக்கடி வந்து பார்ப்பார். அவர் மகனுக்குத் துபாயில் வேலை.

மழைக்காலம் முடிந்தபோது திரையில் விமானங்கள் குறைந்துகொண்டே வந்து, அறவே இல்லாமல் போயின.

"ஏன் தம்பி, ஒண்ணையும் காணோம்?" என்று கேட்டார்.

"உங்க வேப்பமரம் மறைக்குதுக்கா" என்றேன், யோசிக்காமல்.

ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் மரத்தைக் காணவில்லை. "வெள்ளிக்கிழம புள்ள வர்றான். அவன் ப்ளேன பாக்கணும்ல, அதான் வெட்டிட்டேன்" என்றார் அக்கா.

மாடிக்கு ஓடினேன். அப்போதும் திரை காலிதான். ஆன்டெனாவில் ஒயர் சேரும் இடத்தைக் கழற்றினால், உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிக் களிம்பு பிடித்திருந்தது. நான் டேப் சுற்றாமல் விட்ட இடம். மரம் முன்பும் அங்கேதானே இருந்தது! புது ஒயர் போட்டதும் திரை நிறைய விமானங்கள்.

வெள்ளிக்கிழமை, மகன் வரும் விமானம் சென்னையை நெருங்குவதைத் திரையில் பார்த்து அக்கா கண்கலங்கினார். "பாத்தியா தம்பி, மரத்த எடுத்ததும் எவ்ளோ தெளிவா தெரியுது!"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமாக்கா" என்றுதான் வந்தது.

இன்னும் சொல்லவில்லை. நிழலில்லாத வாசலில் அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மீன் கழுவும் வேளையில், மாடிக்குப் போக எனக்குக் கால் வருவதில்லை.