கேம்ஸ் கடைப் பெட்டி

சென்னையிலிருந்து வந்தவர் வீடியோ கேம்ஸ் பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டு முன்னறையில் நின்றபடியே அரைமணி நேரம் விளையாடினார். விமானம் வெடிக்கும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டார். புதிதாகத் திறக்கப்போகும் உணவகத்தில் இதை வைக்கப்போகிறாராம். சாப்பாடு வரும்வரை பிள்ளைகள் விளையாடலாம், பெற்றவர்களுக்கும் பழைய ஞாபகம் வரும் என்றார். சிறுவனாக இருந்தபோது இதே மாதிரி பெட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறாராம்.

அன்றைக்கே கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். முன்னறையில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அவர் காரில் ஏறிப் போனதும் மனைவி கேட்டாள். "விக்கறதுக்குத்தானே ரிப்பேர் பண்றேன்னீங்க. இப்ப என்ன புதுசா யோசனை?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

தஞ்சாவூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய டிவிக்குப் பிக்சர் டியூப் தேடிக் காயலான் கடைக்குப் போயிருந்தேன். அங்கே தகரங்களுக்கு அடியில் அந்தப் பெட்டி குப்புறக் கிடந்தது. ஆள் உயரம், மஞ்சள் சன்மைக்கா. புரட்டிப் போட்டுப் பார்த்தேன். ஜாய்ஸ்டிக்குக்கு இடது பக்கம் சிகரெட் சுட்ட கருப்பு வட்டங்கள் மூன்று இருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தவர், சில்லறை கொடுக்கும்போது சிகரெட்டை அங்கேதான் வைப்பார். மூன்றாவது வட்டம் விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதே பெட்டிதான்.

பார்த்த உடனே திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. ஒயர்களை எலி கடித்துப் போட்டிருந்தது. பலகையை மாற்றினேன். பவர் சப்ளையைப் புதிதாகக் கட்டினேன். போர்டில் போன பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நல்ல பொழுதுபோக்கு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏழாவது மாதம் திரையில் நீலம் வந்து, அந்தப் பழைய சத்தமும் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷாக் அடித்துவிட்டதோ என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். எங்கள் ஊர்தான். அவன் அம்மா எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவார். அவர் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. பள்ளிக்கூடம் தஞ்சாவூரில். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். கேம்ஸ் கடையை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். வாரத்தில் ஒரு நாளாவது போய்விடுவோம். அவனிடம் பெரும்பாலும் காசு இருக்காது. நான் விளையாட, பக்கத்தில் நின்று எந்தப் பக்கமிருந்து குண்டு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

அது ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. புது ஆற்றில் தண்ணீர் திறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கல்லணையிலிருந்து வரும் அந்தக் கால்வாய் தஞ்சாவூர் ஊருக்கு நடுவில் ஓடி எங்கள் ஊர்ப் பக்கமாக இறங்குகிறது. நான் தனியாக எடுத்துவைத்திருந்த என் பஸ் காசு போக, கடையில் எங்கள் காசு தீர்ந்து கடைசி ஒரு ரூபாய் மிச்சமிருந்தது. அது அவனுடைய காசு. அவன் அம்மா பஸ்ஸுக்குக் கொடுத்தது. இந்த ஒரு தடவை தான் ஆடுவதாகச் சொன்னான். நான் அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன்.

அவன் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நீ ஆடிக்கிட்டு இரு, நான் ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்றான். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினேன். அவனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் அவன் நீந்திப் பழகியது எங்கள் ஊர்க் குளத்தில்.

அன்றைக்கு நான் ஆடியது போல் அதற்கு முன் ஆடியதில்லை. என்னைச் சுற்றிப் பையன்கள் கூடிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் இருக்கும். முடித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். படியில் அவனுடைய சட்டையும் புத்தகப் பையும் இருந்தன. அவன் இல்லை. தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது.

கூப்பிட்டுப் பார்த்தேன். கரையோடு கொஞ்ச தூரம் ஓடினேன். எதிர்க்கரையில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேம்ஸ் கடைக்குப் போனது அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்பதுதான் அப்போது என் மண்டையில் இருந்தது. நாலு மணி வரை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்து, பையை ஆற்றில் தள்ளிவிட்டேன். அது மூழ்கக் கொஞ்ச நேரம் ஆனது. பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் அம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். மணி அடித்ததுமே வீட்டில் வேலை இருக்கிறதென்று முதல் பஸ்ஸில் வந்துவிட்டானே என்று சொன்னேன். அன்று அவர்கள் வீட்டு ஆடு எப்படியோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர்ப் படித்துறைப் பக்கம் மேய்ந்திருக்கிறது. காலையில் அவனிடம், மத்தியானம் நேராக வந்து ஆட்டுக்குப் புது ஆற்றில் தண்ணீர் காட்டு என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். என் பொய்யும் அந்த ஆடும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நேராக ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவன் தவறி விழுந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

படித்துறையிலிருந்து கீழ்நோக்கித்தான் தேடினார்கள். அவன் விழுந்த இடம் எட்டு மைல் மேலே என்று எனக்கு மட்டும் தெரியும். அவன் அம்மா கரையோடு நடந்தார். நானும் அவரோடு நடந்தேன். சேற்றில் வழுக்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஊருக்குக் கீழே மதகில் அவன் ஒதுங்கினான்.

அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருடம். அவரை நான் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. பொங்கலுக்குப் புடவை, மழைக்காலத்தில் மருந்து, கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன். சொந்த மகன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று ஊரில் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பேச்சில் அவர் அங்கேதான் வந்து நிற்பார். "நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான் தம்பி. அந்தப் பையாவது கெடைச்சிருக்கலாம்." நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். பிறகு காபி குடித்துவிட்டு வருவேன்.

சென்னைக்காரர் கொடுத்த வாரத்தில் மூன்றாம் நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத முதல்ல வெளிய அனுப்புங்க" என்றாள். "அவங்ககிட்ட போய்ச் சொல்லாதீங்க. சொன்னா உங்க பாரம் எறங்கும். அது அவங்க தலையில ஏறும். அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. ஆனால் பெட்டி வீட்டைவிட்டுப் போய்விட்டால் நான் கடைசிவரை சொல்லமாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. அவர் செத்த பிறகும் அந்த ஆட்டின் பழி அவர்மேலேயே கிடக்கும்.

மறுநாள் காலையில் ஊருக்குப் போனேன். அவர் தொகுப்பு வீட்டு வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூத்த மகள் நாகூரில் இருக்கிறாள், இங்கே அவர் தனி. "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். என்னைச் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்தே அவர் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நீ என்றே கூப்பிடுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

நான் கீழே உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கடை, கடைசி ஒரு ரூபாய், தஞ்சாவூர் ஆற்றுப் படி. அவர் கை முறத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் முடித்த பிறகு கேட்டார்.

"பைய என்ன பண்ணுன?"

"ஆத்துலயே தள்ளிவிட்டுட்டேன்மா."

"சட்டைய?"

"பைக்குள்ள வச்சி."

முறத்தைப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாளு நடந்தேன். கூடவே நடந்தியேடா" என்றார்.

காலைத் தொடப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். என் வீட்டில் என்றேன். எழுந்து உள்ளே போய், வேறு புடவை கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டினார். பைக்கில் ஏற மறுத்துவிட்டார். பஸ்ஸில் வந்தார். நான் பின்னாலேயே பைக்கில் வந்தேன்.

வீட்டில் மனைவி வாசலுக்கு வந்து, வாங்க என்று சொன்னதோடு நின்றுவிட்டாள். அவர் நேராக முன்னறைக்கு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். சுவிட்சைப் போடு என்றார். போட்டேன். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. விமானங்கள் தானாகவே பறந்து காட்டின. பொம்மைகளைப் பார்ப்பது போல் இல்லாமல், ஏதோ கடுதாசியைப் படிப்பது போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுலதான் ஆடுனானா?"

"மத்த நாள்ல ஆடியிருக்கான். அன்னைக்கு நான்தான் ஆடுனேன்."

"நல்லா ஆடுவானா?"

"என்னைவிட நல்லா ஆடுவான்மா." அது உண்மை.

அவர் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. அணைத்துவிடு என்றார். அணைத்தேன். இதை வாங்க ஆள் வந்திருக்கிறது, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அது எனக்குப் புரிந்தது.

"அதையும் நானே சொல்லணுமா?" என்றார். "உன் சாமான். நீ என்னமும் பண்ணு."

மனைவி கொண்டுவந்த காபியை அவர் வாங்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை நான் பின்னால் போனேன். வர வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து நாகூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அம்மாவை அங்கே அழைத்துக்கொண்டு போய்விட்டதாகவும், சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். "இத்தனை வருஷம் கழிச்சி எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் ஆட்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஆட்டைப் பற்றி நாகூருக்கு வந்ததிலிருந்து அம்மா எதுவும் சொல்லவில்லை என்றாள். இனிமேல் அவரைப் பார்க்க வரவேண்டாம், பணமோ மருந்தோ அனுப்பவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆசை இருந்தது. அந்த ஆசை எனக்கே அருவருப்பாக இருந்தது. பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதைத் துடைத்து, ஸ்க்ரூ முடுக்கி, ஏதோ அவனுக்குச் செய்வது போல ஒரு நிம்மதியை நான் தேடியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு நாளாவது ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வைத்துக்கொண்டால் மிச்சக் காலமும் இதன் முன்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருத்தம் எனக்கு வசதியாகவும் ஆகிவிடும். உடைத்துப் போடவும் யோசித்தேன். அதுவும் எனக்காகச் செய்கிற காரியமாகத்தான் தோன்றியது.

சென்னைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். வேனோடு அவரே வந்தார். இரண்டு பேர் போர்வை சுற்றிக் கட்டி ஏற்றினார்கள். மூன்று கருப்பு வட்டங்களைச் சன்மைக்கா மாற்றிச் சரிசெய்து தர முடியுமா என்று அவர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். பழமையாகத் தெரியட்டும், அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். வேன் தெருமுனையில் திரும்பியது. மனசு லேசாகும் என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மனைவி முன்னறையைக் கழுவிவிட்டு, வெகுநாளாக மாடிப்படிக்குக் கீழே கிடந்த தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டாள். நாங்கள் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

போன மாதம் சென்னைக்காரர் போன் செய்தார். படம் மேலும் கீழுமாக ஓடுகிறதாம், பிள்ளைகள் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். ரயில் டிக்கெட் போட்டுத் தருகிறேன், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். பின்பக்கக் கதவைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை மெதுவாக இடது பக்கம் திருப்பச் சொல்லுங்கள் என்றேன். அதில் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அங்கேயே வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனேன்.